கடைசி வளைவு ஹாரன்

எங்கள் ஓட்டலில் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு தோசை ஊற்றும் வழக்கம் இல்லை. பஸ் மலை ஏறி வரும்போது, ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் இருக்கும் கடைசி வளைவில் டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். எதிரே மாடோ, புளி மூட்டை ஏற்றிய டிராக்டரோ வந்து தொலைக்கக் கூடாதே என்பதற்காக அவர் அடிப்பது. அது கேட்டதும் மாமனார் கல்லில் மாவை ஊற்றுவார். பஸ் வந்து நின்று, டிரைவர் இறங்கி, முகம் கழுவித் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காரும்போது முதல் தோசை இலையில் விழும். அடுத்தது கண்டக்டருக்கு. அவர்கள் இரண்டு பேரும் கை கழுவும் வரை பஸ் நகராது என்பதால் பயணிகளும் வேறு வழியில்லாமல் சாப்பிடுவார்கள். ஜமுனாமரத்தூரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிழைத்தது இந்த ஏற்பாட்டில்தான். அதில் ருசியின் பங்கு எவ்வளவு என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

மாமனாரின் அப்பா, மலைக்கு ரோடு போட்ட காலத்தில் கூலியாட்களுக்குச் சோறாக்கக் கீழேயிருந்து வந்தவர். ரோடு போட்டு முடிந்தது, ஆட்கள் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ரோட்டோரம் மண் அடுப்பு ஒன்றைக் கட்டி அதன்மேல் கல்லைப் போட்டார். புகை ரோட்டுப் பக்கம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு அடுப்பின் வாயை ரோட்டுப் பக்கம் வைத்துக் கட்டியதால், அதன் முன் நிற்பவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்குள்ளே பார்த்தபடிதான் நிற்க முடியும். பஸ் வருவதைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அவருக்குப் பிறகு அந்த இடத்தில் மாமனார் நின்றார்.

நான் கலசப்பாக்கம் பக்கத்துக்காரி. நெல் வயல் உள்ள வீட்டில் பிறந்து மலைமேல் வாழ்க்கைப்பட்டதால், எங்கள் சொந்தத்தில் என்னைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் வரும்போதே மாமியார் இல்லை. வந்த மறுநாளே சட்னி வாளி என் கைக்கு வந்துவிட்டது. ஹாரன் கேட்டால் மாமனார் மாவை ஊற்றுவார், நான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்குவேன், என் வீட்டுக்காரர் இலை போடுவார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னாலும் மாமனார் பதில் பேச மாட்டார். என்னைப் பெயர் சொல்லியோ, அம்மா என்றோ அவர் கூப்பிட்டதில்லை. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் மகனிடம் ‘அது’ என்பார். நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற ரகம் இல்லை. மாவு புளித்துப் போனதற்கும், விறகு ஈரமாக இருப்பதற்கும், பொதுவாக இந்த மலைக்கு வந்ததற்கும் சேர்த்து நான் தினமும் திட்டுவேன். முகத்தைப் பார்த்துத் திட்ட மரியாதை தடுத்ததால் ஆட்டுக்கல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் காதில் விழும்படியாகத் திட்டுவேன். அவர் கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பார். இவ்வளவு கேட்டும் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லையே, எப்பேர்ப்பட்ட திமிர் என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு விஷயத்தையும் நான் மனதில் வைத்திருந்தேன். ஆடிக்கோ, ஒரு விசேஷத்துக்கோ நான் அம்மா வீட்டுக்குப் போனால், போன அன்றே கடையைச் சாத்திவிடுவார். சுவருக்கு வெள்ளையடிப்பார். நான் திரும்பி வரும்போது கடை பளிச்சென்று இருக்கும். நான் தொலைந்ததைக் கொண்டாடத்தான் வெள்ளையடிக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சில நாட்கள் பஸ்ஸே வராமல் இரண்டு தோசை ஊற்றிவிடுவார். ஏதாவது லாரி ஹாரன் அடித்திருக்கும் என்று விட்டுவிடுவோம். அந்தத் தோசைகளை வீட்டில் யாராவது தின்போம். தோசையில் பாதி சாமை. அந்தக் காலத்தில் அரிசி கீழேயிருந்து வர வேண்டும், சாமை இங்கேயே விளைந்தது, அவ்வளவுதான் காரணம். இப்போது அருவி பார்க்க வருகிறவர்கள் அதைச் சிறுதானிய தோசை என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மகள் அதற்கு ஒரு போர்டே எழுதி மாட்டிவிட்டாள். மாமனார் அந்தப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சட்னியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே என்று மட்டும் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரின் அந்தக் கோடியில் புதுப் பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள். பஸ்கள் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. எங்கள் கடை முன்னால் ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். பழைய டிரைவர்கள் மட்டும் நாக்குப் பழக்கத்தில், தோசை தயாராக இருந்தால் இறங்கி அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தயாராக இருந்தால்தான். இல்லையென்றால் காத்திருக்க அவர்களுக்கு இனி காரணம் இல்லை.

மகள் கீழே கல்லூரியில் படிக்கிறாள். லீவில் வந்தவள், புதுப் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு கடை எடுத்துவிடலாம் என்றாள். என் வீட்டுக்காரர் சரி என்றார். நானும் சரி என்றேன். மாமனார், தன் அப்பா கட்டின அடுப்பு இங்கே இருக்கும்போது தான் எங்கேயும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். சொன்னதுகூட இல்லை, கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். ஆகவே கடை இரண்டாயிற்று. புதுக் கடையில் டீ, பிஸ்கட், பொட்டலச் சாப்பாடு, நான். பழைய கடையில் மாமனார், தோசை, எனக்குப் பதிலாகச் சட்னி வாளியோடு என் வீட்டுக்காரர். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாதது மட்டும் ஒரு குறை.

பழைய கடையில் மறுநாளிலிருந்தே தோசை பிந்த ஆரம்பித்தது. பஸ் வந்து நிற்கும், டிரைவர் இறங்கி முகம் கழுவுவார், இலையில் ஒன்றும் இருக்காது. மாமனார் திரும்பிப் பார்த்துவிட்டு அப்போதுதான் மாவை ஊற்றுவார்.

“இன்னா பெரியவரே, ஹாரன் அடிச்சேனே, கேக்கலியா?” என்று ஒரு டிரைவர் கேட்டாராம்.

“இது இன்னா ஹாரன். பழைய பஸ்ஸு ஹாரன் மாதிரி கீதா இது? ஆடு கத்தற மாதிரி கீது” என்றாராம் மாமனார்.

புதுப் பஸ்கள் வந்திருந்தது உண்மைதான். ஹாரன் சத்தம் கொஞ்சம் வேறாக இருந்ததும் உண்மைதான். அதனால் எல்லோரும் நம்பினோம். போகப் போகப் பழகிக்கொள்வார் என்று விட்டோம். அவர் பழகுவதற்குள் டிரைவர்கள் ஒவ்வொருவராகப் புதுப் பஸ் ஸ்டாண்டில் என் கடைக்கு வந்து டீ குடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். போளூரிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்து கல்லில் நிறுத்துவது, அப்பாவைக் கல்லாவில் உட்கார வைப்பது. அதை அவர் அப்பாவிடம் சொன்ன அன்று நானும் இருந்தேன்.

“நைனா, உனக்கு வயசாய்டுச்சு. கல்லாவுல உக்காந்து பாத்துக்கோ. கல்லுக்கு வேற ஆளு போட்டுக்கலாம்.”

மாமனார் மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “கல்ல வுட்டு எறங்கினா நான் வூட்டுக்குத்தான் போவேன். கல்லாவுல உக்கார நான் இன்னா பொம்மையா?” என்றார். பிறகு அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லுக்கு முன்னால் நிற்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எந்தப் பொழுதும் கிடையாது. சீட்டாட மாட்டார், டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேச மாட்டார். கல்லை விட்டு இறக்கினால் அவர் என்ன ஆவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. எவ்வளவு திட்டியிருந்தாலும் எனக்கும் அது பயமாகத்தான் இருந்தது. இந்தக் கல்லுக்குப் பிறகு வீட்டில் அவரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்குத்தான் சந்தேகம் வந்தது. கடைசி வளைவில் போய் நின்று பஸ்ஸின் ஹாரனைப் போனில் பிடித்து வந்தாள். அன்று நான் மாவு எடுத்துப்போகப் பழைய கடைக்கு வந்திருந்தேன். குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பின் வாசலில் நின்றேன். அவள் தாத்தாவின் முதுகுப் பக்கம் போய், போனை முழுச் சத்தத்தில் வைத்து அழுத்தினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் துள்ளி எழுந்தார். இன்னொருவர் பஸ் வந்துவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார். மாமனார் கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மகள் இன்னொரு முறை அழுத்தினாள். அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அவரைக் கீழே காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். மகள் கடையைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து என்னென்னவோ பார்த்தாள்.

“இது இப்ப வந்தது இல்லீங்க. ரொம்ப வருஷமாவே கேட்டிருக்காது. வாய் அசையறதப் பாத்து சமாளிச்சிருப்பாரு” என்றாள்.

“இல்லீங்க டாக்டர். போன வருஷம் வரைக்கும் ஹாரன கேட்டுத்தானே தோசை ஊத்தினாரு. ஒரு நாளு தப்பினது இல்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

“வாய்ப்பே இல்லீங்க.”

“நாங்க பாத்துக்கினுதானே இருந்தோம்.”

டாக்டர் என் வீட்டுக்காரரின் காதையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுதுவதற்குக் குனிந்துவிட்டாள்.

காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். அங்கேயே மாட்டிவிட்டார்கள். நான் அப்போது என் வீட்டுக்காரரிடம், பஸ் போய்விடும், சாயங்காலத்துக்கு மாவு ஆட்டவில்லை, உங்கள் மகள் பாலைப் பொங்க விட்டிருப்பாள், இங்கேயே குடியிருக்கப் போகிறீர்களா என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமனார் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்து, “இது எப்பவும் இவ்ளோ பேசுமா?” என்றார்.

“ஆமா நைனா.”

அவர் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடம் நான் திட்டியதில் ஒரு சொல்கூட அவரைப் போய்ச் சேரவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதில் பேசாதது திமிர் இல்லை. எவ்வளவு உழைப்பு வீணாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமனார், முட்டி மடங்காது என்பதால், முன்னால் பக்கவாட்டில் போட்டிருக்கும் நீள சீட்டில் உட்கார்ந்தார். நான் எதிர்ப் பக்கம் பெண்கள் சீட்டில். என் வீட்டுக்காரர் பின்னால் தூங்கிக்கொண்டு வந்தார். வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தோம். மாமனார் ஜன்னல் பக்கம் பார்க்காமல் நேரே என் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசி வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகப் போய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது. வாளியைத் தேடிக் கீழே குனியவும் செய்தேன். நிமிர்ந்து பார்த்தால், எதிரே மாமனாரின் வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மிஷின் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கரண்டி இல்லை, கல் இல்லை என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் முறையாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பஸ் ஊருக்குள் நுழைவதற்குள் எனக்கு எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. பஸ் வராமலே அவர் தோசை ஊற்றிய நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். குரங்கு விரட்டியிருப்பேன். குரங்கு விரட்டினாலும் முந்தானையைச் செருகிக்கொண்டுதானே விரட்ட வேண்டும். நான் அம்மா வீட்டுக்குப் போனபோதெல்லாம் கடையைச் சாத்திவிட்டு வெள்ளையடித்தாரே, அதையும் யோசித்தேன். என் வீட்டுக்காரருக்கு முந்தானை கிடையாது என்பதையும் யோசித்தேன். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த வீட்டில் என்னை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று நான் கீழே போன இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இந்த மனிதர் இத்தனை வருடமாக வேறு எதையுமே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் போய் நின்று, வாயை நன்றாக அசைத்துக் கேட்டேன்.

“எத்தன வருசமா மாமா இப்பிடி?”

“இன்னா?”

“என்னப் பாத்துத்தான் ஊத்தினீங்களா?”

அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். “டிரைவருங்க சில நாளு ஹாரன் அடிக்க மறந்துடுவானுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீ மறக்க மாட்டே” என்றார். அவர் என்னை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சாமை காயப் போட்டிருந்ததை அள்ளப் போய்விட்டார்.

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு போளூர் மாஸ்டருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். என்னைத் திரும்பப் பழைய கடைக்கே அனுப்புவதா, புதுக் கடையை விட்டுவிடுவதா என்று அவரும் மகளும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனார் அவர்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, என்னைக் கை காட்டி, “இது எங்க நிக்குதோ அங்க கல்லப் போடு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவர் அப்பா கட்டிய அடுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறு வாரமே கல்லைப் பெயர்த்துப் புதுப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் அக்கறையாக ஒரு காரியம் செய்தார். கேஸ் அடுப்பைக் கடையின் முகப்பில், பஸ்கள் வந்து நிற்கும் பக்கத்தைப் பார்த்தபடி போட்டார். இனி அப்பாவுக்குக் காதே தேவையில்லை, பஸ் கண்ணுக்கு எதிரிலேயே வந்து நிற்கும், பார்த்துக்கொண்டே ஊற்றலாம் என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். மகள் புதுப் போர்டு மாட்டினாள். இந்த முறை சட்னியும் அதில் இருந்தது.

மாமனார் வந்தார். அடுப்பைப் பார்த்தார். பஸ்களைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி, கல்லோடு அதைத் திருப்பிப் போட்டார். பஸ்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைக்குள்ளே பார்த்தபடி நின்றார்.

“நைனா, பஸ்ஸு அந்தப் பக்கம் கீது” என்றார் என் வீட்டுக்காரர், அவர் முன்னால் வந்து நின்று.

“தெரியும். நகரு, மறைக்காத” என்றார் மாமனார்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. பஸ் உள்ளே திரும்புவதை நான் பார்க்கிறேன், முந்தானையைச் செருகுகிறேன், அவர் ஊற்றுகிறார். டிரைவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். காது மிஷின் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குத்தான் திட்டுவது சிரமமாகிவிட்டது. முதுகைக் காட்டித் திட்டினால் அவருக்குப் போய்ச் சேராது என்று தெரிந்த பிறகு அதில் ஒரு திருப்தி இல்லை. முகத்துக்கு நேரே போய்த் திட்டினால், வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “மெதுவா சொல்லு, ஒண்ணும் புரியல” என்கிறார்.

நேற்று மாவு புளித்துவிட்டது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. கவனமில்லாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று ஆரம்பித்தேன். நான் பாதி சொல்வதற்குள் கல்லில் இரண்டு வட்டம் விழுந்துவிட்டது. நான் நிறுத்தினேன். அவர் திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தார். பஸ் எதுவும் இல்லை. தோசைகள் வெந்துகொண்டிருந்தன. திருப்பிப் போட்டார், எடுத்தார், இலையில் வைத்தார். டிரைவருடைய தோசையை அவர் எடுத்துக்கொண்டார். கண்டக்டருடையதை என் பக்கம் தள்ளினார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். கொஞ்சம் புளிப்பாகத்தான் இருந்தது.